விடை எத்தனை மடங்கு பிசகியது? லிட்டர் கணக்கில் பிழை பிடிக்கும் முறை

மில்லிலிட்டரை லிட்டராக, லிட்டரைக் கன மீட்டராக மாற்றும்போது வரும் பிழைகளில் ஒரு வசதி இருக்கிறது. கூட்டலில் தவறினால் விடை எப்படி வேண்டுமானாலும் மாறும். அலகு மாற்றத்தில் தவறினால் அப்படி ஆகாது. விடை 10 மடங்கு, 1000 மடங்கு, இரண்டரை மடங்கு என்று ஒரு கணக்காகத்தான் பிசகும். அந்த மடங்கு தெரிந்துவிட்டால் தவறு நடந்த இடமும் அகப்பட்டுவிடும்.

அதனால் முதல் வேலை, வந்த விடையை வந்திருக்க வேண்டிய விடையால் வகுத்துப் பார்ப்பது. வரவேண்டிய விடை தெரிந்திருந்தால் இந்தப் பாடே எதற்கு என்று கேட்பீர்கள். துல்லியமாகத் தெரிய வேண்டாம், குத்துமதிப்பு போதும். மருந்துப் பாட்டிலோடு வரும் சின்னக் கரண்டி 5 மி.லி. பால் பாக்கெட் 500 மி.லி. வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். மொட்டை மாடி டேங்க் பெரும்பாலும் 500 அல்லது 1000 லிட்டர். தண்ணீர் லாரி 9,000 அல்லது 12,000 லிட்டர். உங்கள் விடையை இவற்றில் ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நான்கு பேருக்கு வைக்கும் ரசத்துக்கு 15 கேன் தண்ணீர் வேண்டும் என்று கணக்கு சொன்னால், எங்கோ ஓர் அலகு புரண்டிருக்கிறது.

அளவு ஏணியை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். 1 கன மீட்டர் என்பதும் 1 கிலோலிட்டர் என்பதும் 1000 லிட்டர் என்பதும் ஒன்றேதான். 1 லிட்டருக்கு 10 டெசிலிட்டர், 100 சென்டிலிட்டர், 1000 மில்லிலிட்டர். 1 மில்லிலிட்டர்தான் 1 கன சென்டிமீட்டர், அதாவது பைக் கம்பெனிக்காரர்களும் நர்ஸ்களும் சொல்கிற 1 சி.சி. அதற்கும் கீழே ஆய்வகத்துக்காரர்களுக்கு மட்டும் மைக்ரோலிட்டர், ஒரு மில்லிக்கு 1000.

அறிகுறி: விடை 1000 மடங்கு அல்லது 10 லட்சம் மடங்கு பிசகுகிறது

இந்த இரண்டும் வேறு வேறு தவறுகள். 250 மி.லி.யை லிட்டராக மாற்றினால் 0.25 வர வேண்டும். 250 லிட்டர் என்று எழுதியிருந்தால் பிசகு 1000 மடங்கு. எண்ணைத் தொடாமல் பின்னால் இருக்கும் அலகை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். 2,50,000 என்று வந்திருந்தால் பிசகு 10 லட்சம் மடங்கு. வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள். திசை மாறினால் தவறு இரண்டு மடங்காகாது, 1000-ஐ 1000-ஆல் பெருக்கிய அளவுக்குப் போய்விடும். பத்தின் கணக்கிலும் இதே கதைதான். டெசிலிட்டரை மாற்ற மறந்தால் 10 மடங்கு, திசை தவறினால் 100 மடங்கு.

திசைக்கு ஒரே விதி. சின்ன அலகுக்கு இறங்கினால் எண் பெருக வேண்டும், பெரிய அலகுக்கு ஏறினால் எண் சுருங்க வேண்டும். தண்ணீரின் அளவு அப்படியேதான் இருக்கிறது. சின்னக் கரண்டியால் அள்ளினால் அதிக முறை அள்ள வேண்டும், அவ்வளவுதான்.

1000 மடங்குப் பிழை பெரும்பாலும் தாளில் நடப்பதில்லை, படிக்கும்போது நடக்கிறது. வீட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். கறுப்பு இலக்கங்கள் கன மீட்டர், அதாவது கிலோலிட்டர். அடுத்துச் சிவப்பில் இருப்பவை அதன் பின்னங்கள், அதாவது லிட்டர்கள். கறுப்பையும் சிவப்பையும் ஒரே எண்ணாகச் சேர்த்துப் படித்து அதைக் கிலோலிட்டர் என்று எழுதினால், சிவப்பில் மூன்று இலக்கம் இருக்கும் மீட்டரில் 1000 மடங்கு கூடிவிடும். சரிபார்க்க ஓர் அளவு இருக்கிறது. நகரங்களுக்கான குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 540 லிட்டர், மாதம் சுமார் 16 கிலோலிட்டர். உங்கள் கணக்கு 16,000 கிலோலிட்டர் என்று காட்டினால் சிவப்பு இலக்கம் உள்ளே வந்துவிட்டது. 30 என்று காட்டினால் அது அலகுப் பிரச்சினை இல்லை, கழிப்பறை ஃப்ளஷ் டேங்க் கசிகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு காரணம் காற்புள்ளி. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். பாட்டிலில் 1,5 என்று இருந்தால் அது ஒன்றரை லிட்டர், பதினைந்து இல்லை. ஜெர்மன் பட்டியலில் 1.000 லிட்டர் என்று புள்ளியோடு இருந்தால் அது ஆயிரம் லிட்டர். பெர்லினில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பிய பட்டியலை இங்கே கணினியில் ஒட்டினால், ஆயிரம் ஒன்றாகிவிடும். மூன்று சுழியோடு முடியும் தசமத்தைப் பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள். 1.000 லிட்டர் என்று அத்தனை நுணுக்கமாக யாரும் எண்ணெய் வாங்குவதில்லை.

அறிகுறி: சரியாக 10 மடங்கு பிசகுகிறது

தோட்டத்தில் இது அடிக்கடி நடக்கிறது. பஞ்சகவ்யத்தை 3 சதவீதக் கரைசலாகத் தெளிக்கச் சொல்வார்கள். கேட்டவர் லிட்டருக்கு 3 மி.லி. என்று எடுத்துக்கொண்டு 10 லிட்டர் டேங்குக்கு 30 மி.லி. ஊற்றுவார். உண்மையில் 3 சதவீதம் என்றால் 100 லிட்டருக்கு 3 லிட்டர், 10 லிட்டர் டேங்குக்கு 300 மி.லி. பத்தில் ஒரு பங்கைத் தெளித்துவிட்டுப் பயிரில் மாற்றமே இல்லை என்று பஞ்சகவ்யத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: 1 சதவீதம் என்றால் லிட்டருக்கு 10 மி.லி. வேப்பெண்ணெய் 3 சதவீதம் என்றால் லிட்டருக்கு 30 மி.லி. அப்புறம் அது தண்ணீரில் கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசலும் வேண்டும். அது தனிக் கதை.

எதிர்ப்பக்கத் தவறுதான் ஆபத்து. இரசாயனப் பூச்சிமருந்துக்கு லிட்டருக்கு 2 மி.லி. என்று எழுதியிருப்பதை 2 சதவீதம் என்று படித்தால் பத்து மடங்கு மருந்து போய் இலை கருகும். 10 லிட்டர் டேங்குக்கு 20 மி.லி.தான், 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயருக்கு 32. பழைய டேங்குக்குப் பழகிய கை புது டேங்கிலும் 20 மி.லி.யே ஊற்றும். அப்போது குறைவது மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல். அப்படிப்பட்ட பிசகு வந்தால் மருந்துப் பாட்டிலை விட்டுவிட்டு டேங்கின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவைப் பாருங்கள்.

பத்து மடங்கின் இன்னொரு வீடு டெசிலிட்டர். தமிழ்நாட்டுச் சமையலறையில் இதற்கு வேலையே இல்லை. நார்வே, ஸ்வீடன், டென்மார்க் சமையல் குறிப்புகளில் மாவும் பாலும் டெசிலிட்டரில்தான் வரும். 3 டெசிலிட்டர் பால் என்றால் 300 மி.லி. சுவிட்சர்லாந்து உணவகங்களில் குளிர்பானத்துக்கும் அப்படித்தான் விலை போட்டிருப்பார்கள். பிரான்சில் அதே இடத்தில் சென்டிலிட்டர்: 33 என்று போட்ட கேனில் 330 மி.லி., 75 என்று போட்ட பாட்டிலில் 750 மி.லி. சென்டிலிட்டரை மில்லிலிட்டர் என்று படித்தால் 10 மடங்கு, டெசிலிட்டரை அப்படிப் படித்தால் 100 மடங்கு.

ஆனால் நம்மூரிலும் டெசிலிட்டர் ஒளிந்திருக்கும் ஒரு தாள் உண்டு: இரத்தப் பரிசோதனை அறிக்கை. சர்க்கரை 126 என்றால் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 126 மில்லிகிராம். பிரான்சில் இதையே லிட்டருக்கு 1.26 கிராம் என்று எழுதுவார்கள். எண் நூறில் ஒன்றாகத் தெரிந்தாலும் சர்க்கரை அதே சர்க்கரைதான். ஹீமோகுளோபின் இங்கே டெசிலிட்டருக்கு 12.5 கிராம் என்று வரும், பிரிட்டனில் லிட்டருக்கு 125 கிராம் என்று வரும். லண்டனில் இருக்கும் மகளுக்கு 125 என்று கேட்டுப் பயப்பட வேண்டாம், பத்தால் வகுத்தால் போதும். சர்க்கரை மட்டும் பிரிட்டனிலும் கனடாவிலும் 7 என்பதுபோல ஒற்றை இலக்கத்தில் வரும். அது மில்லிமோல் கணக்கு, அதாவது எடைக்குப் பதில் மூலக்கூறுகளை எண்ணும் அலகு. 18-ஆல் பெருக்கினால் நம் எண் கிடைக்கும்: 7 என்பது 126. எனவே பிசகு 10 என்றால் டெசிலிட்டர், 18 என்றால் மில்லிமோல்.

அறிகுறி: டேங்க் கொள்ளளவு நம்பவே முடியாதபடி வருகிறது

நீள அளவிலிருந்து லிட்டருக்கு வரும் இந்த இடத்தில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். 1 மீட்டர் 100 சென்டிமீட்டர் என்பது சரி. அதனால் 1 கன மீட்டரும் 100 கன சென்டிமீட்டர் என்று கை தானாக எழுதிவிடும். நீளத்தில் 100, அகலத்தில் 100, உயரத்தில் 100. மூன்றையும் பெருக்கினால் 10 லட்சம்.

ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். உள் அளவு 120 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம், 100 செ.மீ. உயரம். பெருக்கினால் 10,80,000 கன சென்டிமீட்டர். 10 லட்சத்தால் வகுத்தால் 1.08 கன மீட்டர், அதாவது 1,080 லிட்டர். உங்கள் விடை 10,800 கன மீட்டர் என்று வந்திருந்தால் பிசகு 10,000 மடங்கு. 100-ஆல் ஒரே ஒரு முறை வகுத்திருக்கிறீர்கள். 108 கன மீட்டர் என்று வந்திருந்தால் பிசகு 100 மடங்கு, இரண்டு முறை வகுத்து மூன்றாவதை மறந்திருக்கிறீர்கள். கட்டட வரைபடம் மில்லிமீட்டரில் இருந்தால் இதே தவறு 10 லட்சம் மடங்காகவும் 1000 மடங்காகவும் தெரியும்.

இந்தச் சுழி எண்ணும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. பெருக்குவதற்கு முன்பே எல்லா அளவையும் டெசிமீட்டராக்கி விடுங்கள். 10 செ.மீ.தான் 1 டெசிமீட்டர், ஒரு கன டெசிமீட்டர்தான் ஒரு லிட்டர். 120, 90, 100 என்பவை 12, 9, 10 ஆகின்றன. 12 × 9 × 10 = 1,080. வந்த எண் நேராக லிட்டர். பள்ளியில் ஏன் டெசிமீட்டரை அப்படிப் புறக்கணிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. தொட்டி கட்டுபவருக்கு அதைவிட நல்ல அலகு கிடையாது.

தொட்டி வட்டமாக இருந்தால் வேறொரு மடங்கு வரும்: 4. உறைகிணற்றின் விட்டம் 1 மீட்டர், தண்ணீர் 2 மீட்டர் ஆழம் என்றால் 3.14 × 0.5 × 0.5 × 2, அதாவது 1.57 கன மீட்டர், 1,570 லிட்டர். 6,280 என்று வந்தால் ஆரம் போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டுவிட்டீர்கள்.

28 மடங்கு பிசகினால் அடிக்கணக்கு உள்ளே வந்திருக்கிறது. நம் ஊர்க் கொத்தனார் சம்ப்பை அடியில்தான் சொல்வார். 6 அடி, 5 அடி, 5 அடி என்றால் 150 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 4,250 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 150 லிட்டர் சம்ப் என்று யாரும் கட்ட மாட்டார்கள் என்பதால் இந்தத் தவறு சீக்கிரம் பிடிபடும். பிடிபடாதது சுவரின் கனம். வெளியிலிருந்து அளந்தால் இரண்டு பக்கச் சுவரும் தண்ணீராகிவிடும். அதேபோல் மேல் விளிம்பு வரை அளக்கக் கூடாது. மேலே சொன்ன தொட்டியில் ஓவர்ஃப்ளோ குழாய் 85 செ.மீ. உயரத்தில் இருந்தால் நிற்கும் தண்ணீர் 12 × 9 × 8.5, அதாவது 918 லிட்டர்தான். கணக்கு 15 சதவீதம், 20 சதவீதம் கூடுதலாக வந்தால் நாடாவை மறுபடி எடுங்கள்.

மழைநீர்க் கணக்கும் இந்தக் குடும்பம்தான். ஒரு சதுர மீட்டர் மீது 1 மி.மீ. மழை பெய்தால் சரியாக 1 லிட்டர். இவ்வளவு அழகான உறவு மெட்ரிக் முறையில் வேறு எங்கும் இல்லை என்பேன். ஆனால் நம் மொட்டை மாடி சதுர அடியில் இருக்கிறது. 1000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை என்றதும் 10,000 லிட்டர் என்று பெருக்கிவிடுவோம். 1000 சதுர அடி என்பது 92.9 சதுர மீட்டர், ஆக 929 லிட்டர். பிசகு 10.76 மடங்கு. பத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் சுழிப்பிழை என்று நினைத்து ஒரு சுழியை அடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விடை கிட்டத்தட்டச் சரியாகிவிடும், காரணம் மட்டும் தவறு. அடுத்த முறை வேறு அளவில் அது காலை வாரிவிடும்.

அறிகுறி: 3, 9, 40 சதவீதம் என்று சின்னதாகப் பிசகுகிறது

மடங்கே இல்லை, சில சதவீதம்தான் வித்தியாசம் என்றால் எடையையும் கன அளவையும் கலந்துவிட்டீர்கள். 1 லிட்டர் என்பது 1 கிலோ என்ற பழக்கம் தண்ணீரோடு நின்றுவிட வேண்டும்.

பால் லிட்டருக்குச் சுமார் 1.03 கிலோ. கொள்முதல் நிலையத்தில் 1000 லிட்டரை 1000 கிலோ என்று எழுதினால் 30 கிலோ காணாமல் போகும். எண்ணெய் மறுபக்கம், மிதக்கிற பொருள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எதுவானாலும் லிட்டருக்கு 910 முதல் 920 கிராம் வரைதான். 1 கிலோ எண்ணெய் என்பது கிட்டத்தட்ட 1.1 லிட்டர். செக்குக் கடை ஒன்றில் லிட்டர் 300 ரூபாய், இன்னொன்றில் கிலோ 320 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 320 தான் அதிகம் என்று தோன்றும். அதை லிட்டருக்கு மாற்றினால் 291 ரூபாய். இரண்டாவது கடைதான் மலிவு. பாக்கெட் எண்ணெயிலும் இதைப் பாருங்கள். லிட்டர் பாக்கெட்டின் பக்கத்திலேயே சற்றே சின்ன பாக்கெட்டுகள் ஏதோ ஓர் எடையில் நிற்கும். விலையைக் கிராமால் வகுத்தால்தான் உண்மை தெரியும்.

எண்ணெய் விஷயத்தில் வெப்பநிலையும் ஒரு விளையாட்டு. சூடானால் எண்ணெய் விரியும், அதே லிட்டருக்குள் குறைந்த கிராம்தான் அடங்கும். அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டு அளவை அச்சிட்டால் எடை குறைவாகப் போட வழி கிடைக்கும். அதனால்தான் 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பாக்கெட்டில் வெப்பநிலையைப் போடாமல் அளவையும் எடையையும் அச்சிடும்படி சமையல் எண்ணெய் நிறுவனங்களிடம் சொன்னது. பெட்ரோலும் இப்படித்தான், 10 டிகிரி கூடினால் சுமார் 1 சதவீதம் விரியும். 1 சதவீதம் பிசகும் எரிபொருள் கணக்கில் அலகைத் தேடிப் பயன் இல்லை, வெயிலைத்தான் கேட்க வேண்டும்.

தேன் எல்லோரையும் ஏமாற்றும். லிட்டருக்கு 1.4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு கிலோ தேன் வாங்கி லிட்டர் பாட்டிலில் ஊற்றினால் சுமார் 700 மி.லி.யில் நின்றுவிடும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் தராசில் வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: மருந்தில் இரண்டரை, மூன்று, நான்கு மடங்கு

இந்தப் பகுதியில் மட்டும் நீங்களே திருத்திக்கொண்டு ஊற்ற வேண்டாம். மடங்கு பிசகுவதாகத் தெரிந்தால் மருந்தாளுநரையோ டாக்டரையோ கேளுங்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கீழே உள்ளவை.

நான்கு மடங்கு என்றால் குழந்தைகளின் பாரசிட்டமால். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மில்லிகிராம் இருக்கும், இன்னொரு வகையில் 5 மி.லி.க்கு 250. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கே 100 மில்லிகிராம், அதாவது 5 மி.லி.யில் 500. சிரப்புக்குச் சொன்ன 5 மி.லி.யைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நான்கு மடங்கு. பாட்டில் மாறியிருந்தால் பழைய மி.லி. செல்லாது. டாக்டரிடம் எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சமையலறைக் கரண்டியால் அளக்கவும் கூடாது. 5 மி.லி. என்பது மருந்தோடு வரும் மூடிக்கும் கரண்டிக்கும் மட்டும்தான். சீட்டில் 0.5 என்பதை முன்சுழி இல்லாமல் .5 என்று எழுதியிருந்தால் புள்ளி தப்பிப்போய் 5 ஆகும், அது 10 மடங்கு.

இரண்டரை மடங்கு என்றால் இன்சுலின். இந்தியாவில் மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பிகளும் 100 யூனிட் உள்ளவையும் இரண்டும் கிடைக்கின்றன. சிரிஞ்சும் அதற்கேற்பத் தனித்தனி. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 10 யூனிட் என்பது முதலாவதில் 0.25 மி.லி., இரண்டாவதில் 0.1 மி.லி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உடம்புக்குப் போவது 4 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. மாற்றி நடந்தால் 25 யூனிட் போகும். அதுதான் மயக்கத்தில் தள்ளும். வீட்டில் திடீரென்று சர்க்கரை கட்டுப்பாடு கெட்டால், உணவைப் பற்றி விசாரிக்கும் முன் மூடியின் நிறத்தைப் பாருங்கள்.

மூன்று மடங்கு டிரிப்ஸில் வரும். சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மி.லி., நுண்சொட்டு செட்டில் 60 சொட்டு ஒரு மி.லி. 500 மி.லி.யை 4 மணி நேரத்தில் ஏற்ற முதலாவதில் நிமிடத்துக்கு சுமார் 42 சொட்டு, இரண்டாவதில் 125.

இரண்டரை மடங்குக்கு வயலிலும் ஒரு காரணம் உண்டு. பூச்சிமருந்து லேபிளில் எக்டேர் கணக்கு, நம் கையில் ஏக்கர் கணக்கு. எக்டேருக்கு 500 மி.லி. என்றால் ஏக்கருக்கு 200 மி.லி. எக்டேருக்கு 500 லிட்டர் தண்ணீர் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர். மருந்தும் தண்ணீரும் சேர்ந்தே சுருங்குவதால் லிட்டருக்கு 1 மி.லி. என்பது மட்டும் மாறாது. ஒன்றை மாற்றி மற்றதை விட்டால்தான் வில்லங்கம்.

அறிகுறி: செய்தியில் வரும் எண் 100 கோடி மடங்கு பிசகுகிறது

மில்லிலிட்டரையும் மில்லியன் லிட்டரையும் மி.லி. என்றே சுருக்கினால் இதுதான் நடக்கும். சென்னைக்கு அருகே நெம்மேலியில் 2013-ல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 100 எம்.எல்.டி. அதாவது 100 மில்லியன் லிட்டர், 10 கோடி லிட்டர். அதை 100 எம்.எல். என்று அரைகுறையாகப் படித்தால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தேறாது. எம்.எல்.டி. என்று வந்தால் உடனே ‘பத்து லட்சம் லிட்டர்’ என்று மனத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். 1 எம்.எல்.டி. என்பது நாளுக்கு 1000 கன மீட்டர்.

அணைக் கணக்கு டி.எம்.சி.யில் வரும். 1 டி.எம்.சி. 100 கோடி கன அடி. அது 2.83 கோடி கன மீட்டர், 2,832 கோடி லிட்டர். மேட்டூர் நிரம்பினால் 93.47 டி.எம்.சி., அதாவது சுமார் 265 கோடி கன மீட்டர். சென்னைக்கு அருகே புழல் ஏரி 3.3 டி.எம்.சி. ஒப்பிட்டுப் பார்க்க: நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஓர் ஆலை 1 டி.எம்.சி. தண்ணீர் தர 283 நாள் ஓட வேண்டும். ஏரியில் 1 டி.எம்.சி. குறைந்தது என்பது எவ்வளவு பெரிய சேதி என்பது இப்படிப் பார்த்தால்தான் தெரிகிறது.

இங்கே வரும் இன்னொரு பிசகு 86,400. நீர்வரத்து வினாடிக்கு 10,000 கன அடி என்ற செய்தியில் ‘வினாடிக்கு’ விழுந்துவிட்டால் அது ஒரு நாள் கணக்கு போல ஆகிவிடும். ஒரு நாளில் 86,400 வினாடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 1 டி.எம்.சி. சேரும். 10,000 என்றால் 0.86 டி.எம்.சி. அணையின் இருப்பு அன்றைக்கு அந்த அளவுக்கு ஏறியதா, வெளியேற்றம் எவ்வளவு என்று அதே செய்தியில் சரிபார்க்கலாம்.

அறிகுறி: கணினியில் கூட்டுத்தொகை சுழியாகவோ அபத்தமாகவோ வருகிறது

கட்டத்துக்குள் ‘500 மி.லி.’ என்று எழுத்தோடு தட்டியிருப்பீர்கள். கணினிக்கு அது எண் இல்லை, எழுத்து. கூட்டலில் அதை விட்டுவிடும். எண்ணை ஒரு நெடுவரிசையிலும் அலகை அடுத்ததிலும் வைக்கவும். ஒரே நெடுவரிசையில் சில வரி லிட்டரும் சில வரி மில்லியும் கலந்திருந்தால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. எல்லாவற்றையும் மி.லி.யாக்கி முழு எண்ணாக வைத்துக்கொண்டு, கடைசியில் மட்டும் 1000-ஆல் வகுத்து லிட்டராகக் காட்டுங்கள். நடுவில் முழுமையாக்க வேண்டாம்.

அறிகுறி: மேலே சொன்ன எந்த மடங்கிலும் அடங்கவில்லை

20 சதவீதம் என்றால் காலன். பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், அமெரிக்க காலன் 3.785 லிட்டர். பழைய புத்தகமா, அமெரிக்க இயந்திரமா என்று பாருங்கள்.

0.0028 சதவீதம் என்றால் உங்கள் கையில் மிகப் பழைய ஆய்வகக் குறிப்பு இருக்கிறது. 1901 முதல் 1964 வரை லிட்டர் என்பது 1 கிலோ தண்ணீர், அதன் அடர்த்தி உச்சத்தில் இருக்கும்போது பிடிக்கும் இடம் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. அது ஒரு கன டெசிமீட்டரைவிடத் துளி கூடுதல், 1.000028. அதனால் அந்தக் காலத்தில் மி.லி.யும் சி.சி.யும் கண்டிப்பாகப் பார்த்தால் ஒன்றல்ல. 1964-ல் லிட்டரை நேரடியாகக் கன டெசிமீட்டரோடு சேர்த்துவிட்டார்கள். 1000 லிட்டருக்கு 28 மி.லி. வித்தியாசம் என்பதால் ஆய்வகத்துக்கு வெளியே யாருக்கும் இது தேவைப்படாது.

இதுவும் இல்லையென்றால் கணக்கு சரி, பாத்திரம்தான் தவறு. சமையலறைத் தராசில் காலிக் கப்பை வைத்துச் சுழியாக்கி, கோடு வரை தண்ணீர் ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலில், 30 டிகிரியில், 1 லிட்டர் தண்ணீர் 996 கிராம் நிற்கும். ஆகவே கிராமையே மி.லி. என்று எடுத்துக்கொள்ளலாம். கோட்டைக் கண் மட்டத்தில் வைத்து, தண்ணீரின் நடுவில் குழிந்திருக்கும் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். 250 காட்டினால் அது மெட்ரிக் கப். 237 அல்லது 240 காட்டினால் அமெரிக்கக் கப், சமையல் குறிப்பும் அமெரிக்கக் குறிப்பாக இருந்தால் கவலை இல்லை. 200 என்றால் ஜப்பானிய அளவு. 180 காட்டினால் அது அளவுக் கப்பே இல்லை, ரைஸ் குக்கரோடு வந்த அரிசிக் கப். கேக்குக்கு அதை எடுக்காதீர்கள்.